ஆடிட்டர் ஏறாத படகு

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் அறிக்கை விடுவதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. 2014 ஜூனில் 'கார்டியன்' பத்திரிகை தாய்லாந்து இறாலின் கதையைப் போட்டு உடைத்தது. சி.பி. ஃபுட்ஸ் நிறுவனம் இறாலுக்குப் போட்ட தீவனத்தில், அடிமைகளை வைத்து ஓட்டிய படகுகள் பிடித்த பொடிமீன் கலந்திருந்தது. ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்களே, அந்த ரகம். இறாலை வாங்கி விற்றவர்கள் வால்மார்ட், காஸ்ட்கோ, டெஸ்கோ, கேர்ஃபூர். 'கட்டாய உழைப்பை ஏற்கமாட்டோம்' என்ற அறிக்கைகள் வந்தன. கேர்ஃபூர் கொள்முதலையே நிறுத்திவைத்தது.

மறு ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் இந்தோனேசியாவின் பெஞ்சினா என்ற தீவுக் கிராமத்தில் கூண்டுக்குள் அடைபட்டிருந்த மீனவர்களைக் கண்டார்கள். அந்தச் செய்திகளுக்குப் பிறகு 2,000-க்கும் மேற்பட்டோர் மீண்டார்கள். அந்த டிசம்பரில் இன்னொரு செய்தி: தாய்லாந்தின் சமுத் சாக்கோனில் ஓர் இறால் உரிக்கும் கொட்டகை. அதிகாலை 2 மணிக்குக் கதவை உதைத்து எழுப்புவார்கள். 16 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் கை. ஆளுக்குப் பெயர் இல்லை, எண்தான். ஒருவர் 31.

இத்தனையும் வெளியே கொண்டுவந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். கடைகள் சார்பில் வருஷா வருஷம் போன ஆடிட்டர்கள் என்ன பார்த்தார்கள்?

தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவள் நான். ஆடிட் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று எல்லோர் கையிலும் புதுக் கையுறை. குளோரின் எத்தனை பி.பி.எம். என்று தொட்டி தொட்டியாகப் பார்ப்பார்கள். உரிக்கிற பெண்களிடம் பேசும்போது மொழிபெயர்ப்பவர் சூப்பர்வைசர்! காண்டிராக்டர் கூட்டிவந்த பெண்கள் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, அது எப்படிக் கழிகிறது என்று யாரும் கேட்டதில்லை. ஆடிட்டுக்கான பீஸும் கம்பெனி தலையில்தான். எங்கள் கொட்டகையை சமுத் சாக்கோனோடு சேர்க்கவில்லை. ஆனால் ஆடிட் என்றால் இவ்வளவுதான். அது முடிந்த கையோடு, ஆடிட் கேட்ட அதே வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு, பவுண்டுக்கு இன்னும் சில சென்ட் குறைக்கச் சொல்லி மெயில் அனுப்பும்.

கொட்டகைக்காவது ஆடிட்டர் வருகிறார். நடுக்கடலுக்கு யார் போவது? டீசலும் அரிசியும் கொண்டுவரும் தாய்க்கப்பல் மீனை ஏற்றிக்கொண்டு போய்விடும். படகு வருஷக்கணக்கில் கரையைத் தொடாது. புரோக்கரிடம் கடன்பட்டு ஏறிய பர்மாக்காரர் எங்கே இறங்கி ஓடுவார்?

என்னைக் கேட்டால், கடைக்காரர்களின் அறிக்கைகளைவிட 2015 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் தாய்லாந்துக்குக் காட்டிய மஞ்சள் அட்டை எச்சரிக்கைக்கு வலு அதிகம். சட்டவிரோத மீன்பிடிப்புக்காகக் காட்டியதுதான். ஆனால் சந்தையே போய்விடும் என்றதும் துறைமுகத்தில் படகுகளைச் சோதிக்கும் மையங்கள் முளைத்தன. 2019-ல் மீன்பிடித் தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) உடன்படிக்கையை ஆசியாவிலேயே முதலில் தாய்லாந்து ஏற்றது.

கொள்முதலை நிறுத்துவது கடைக்குச் சுலபம். ஆர்டர் போனால் முதலில் வேலை போவது உரிக்கிறவருக்கு. புரோக்கர் கடன் அப்படியே நிற்கும். கடை வேறு நாட்டுக்குப் போய்விடும். இன்று அமெரிக்காவுக்கு அதிகம் இறால் அனுப்பும் நாடுகளில் முன்வரிசையில் இருப்பது இந்தியா. நம்மிடம் வருகிறவர்கள் புரோக்கர் கமிஷன் தொழிலாளி தலையில் விழாதபடி விலை போட்டு வாங்கட்டும். தொழிலாளியிடம் கேட்பதைக் கம்பெனிக்கு வெளியே, அவர் மொழி தெரிந்த ஆளை வைத்துக் கேட்கட்டும். தப்பு தெரிந்தால் ஆர்டரை நிறுத்தும் முன், பாக்கிச் சம்பளம் பட்டுவாடா ஆகும்வரை நிற்கட்டும்.