இல்லத்து இசைக்களஞ்சியம்

குற்றாலத்து ஐந்தருவியில் நீர் ஐந்து கிளையாய்ப் பிரிந்து வீழுங் காட்சியைக் கண்டு மகிழாதார் இலர். எனினும் ஆனி ஆடித் திங்களின் சாரலை மட்டும் நம்பித் தென்காசி வட்டாரத்து உழவர் வாளாவிருப்பதில்லை. சிற்றாற்று வெள்ளத்தைக் குளங்களில் தேக்கியே பயிர் செய்கின்றனர். இசையின் திறத்தில் மாத்திரம் இக்காலத்தார் ஓடும் நீரையே நம்பி நிற்றல் எமக்கு வியப்பைத் தருகின்றது.

திங்கள்தோறும் பொருள் கொடுத்துக் கம்பெனியாரிடமிருந்து கைப்பேசி வாயிலாகப் பாட்டுக் கேட்டல் எளிது, மலிவுமாம். ஆயினும் அது வாடகை வீடே. கூகுள் பிளே மியூசிக் 2020-ஆம் ஆண்டிறுதியில் மூடப்பட்டது. விங்க் மியூசிக் 2024-இல் மறைந்தது. 2023-இல் ஜீ மியூசிக்குடன் உடன்பாடு எட்டாமையால் அந்நிறுவனத்தார் பாடல்கள் ஸ்பாட்டிஃபையினின்றும் நீக்கப்பட்டன. வாடகை செலுத்தியவரைக் கேட்டார் எவருமிலர்.

இதற்கு மாற்று நம் கைக்கெட்டியதே. உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னுஞ் சிறு கணினியும், ஒரு டெராபைட்டுத் தட்டும், விலையின்றிக் கிடைக்கும் நேவிட்ரோம் என்னும் மென்பொருளும் போதும். ஒலி சிறிதுங் குறையாத ஃபிளாக் வடிவில் நான்கு நிமிடப் பாடல்கள் 30,000-க்கு மேல் அதில் அடங்கும். வெளியூரிலிருந்து கேட்க வயர்கார்டு என்னும் மறைவழியும் உண்டு. தட்டுப் பழுதானால் யாவும் போம் என்பார்க்கு, மற்றொரு படியை வேறோர் இல்லத்தில் வைக்க என்பதே எம் விடை. புதிய திரைப்பாடல்களையே நாடுவார்க்கு இம்முயற்சி வேண்டுவதில்லை.

உண்மையான உழைப்பு பெயரிடுதலில்தான் உளது. செங்கோட்டைக் கிட்டப்பாவின் பெயர் ஆங்கில எழுத்தில் மூவகையாய் எழுதப்படின், அப்பொறி அவரை மூவராகவே கொள்ளும்! இராகம், தாளம், இயற்றியவர் என்பவற்றுக்கு உரிய இடம் தராது, வகை என்னும் ஒரே கட்டத்துள் இசையனைத்தையும் அடைப்பதும் வழக்கமாயிற்று. இவ்வட்டாரத்துச் சாம்பவர்வடகரையில் 1859-இல் தோன்றி, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் சுருதிகளை நுணுகி ஆய்ந்தது எங்கே, இவ்வொற்றைக் கட்டம் எங்கே! குறிப்புகளைத் தமிழெழுத்திலேயே நாமே எழுதிக்கொள்ளலாம். இக்குறையைத் தீர்க்கத் தமிழ் கற்பாரினும் தக்கார் யாவர்?

உரிமை குறித்தும் ஒரு சொல். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகளே. 1933-இல் மறைந்த கிட்டப்பா தம் வாழ்நாளில் வெளியிட்ட இசைத்தட்டுகள் அவ்வெல்லையை என்றோ கடந்தன. அண்மைக்காலத்தனவற்றை விலைகொடுத்துப் பெறுதலே முறை. களவிற் சேர்த்ததைக் களஞ்சியமென யாம் ஒப்போம்.

கம்பெனியாரிடம் ஒருகாலுங் கிடையாத இசையும் நம் வீடுகளில் உண்டு. பாட்டனார் பாடிய கீர்த்தனை, ஊர்ச் சபையின் பாடகர் குழு, மணநாட் பாட்டு ஆகியன பரண்மீது ஒலிநாடாக்களிற் கிடக்கின்றன. ஆண்டு செல்லச் செல்ல நாடாவின் காந்தப்பூச்சு உதிர்கின்றது. ஒரு மணி நேர நாடாவைப் பெயர்த்தெழுத ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆகவேண்டும்; இதிற் குறுக்குவழி இல்லை. நம் தமிழ்ச் சங்கத்தார் இத்தகைய பொறியொன்றை நூலகத்தில் நிறுவுதல் நன்று. விடுமுறைக்கு ஊர்செல்லும் மாணவர் அந்நாடாக்களை இறக்கி, பாடினவர் யார், எந்த ஆண்டு என்பவற்றை, அறிந்த முதியோர் உள்ளபோதே கேட்டு உறையின்மேல் எழுதிக் கொணர்வாராக.