கல்லின் எடை குறைந்தது, காற்றின் பலம் குறையவில்லை



இந்த இதழின் முகப்புக் கட்டுரை, வெளிச்சுவருக்குக் கல் போர்த்துவது பற்றியது. கொஞ்ச காலமாக உங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. "எலிவேஷனுக்கு கிரானைட் போட ஆசை. சுவர் எடை தாங்குமா? லைட் வெயிட் ஸ்டோன் பேனல் என்று புதிதாகச் சொல்கிறார்களே, அதை நம்பிச் செலவு செய்யலாமா?" செலவுக் கணக்கும் வேலைமுறையும் உள்பக்கங்களில் விரிவாக இருக்கின்றன. கல்லின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து மயங்கும் நேரத்தில் நாம் பார்க்கத் தவறும் சில விஷயங்களை மட்டும் இங்கே உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிகாகோவில் 83 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் ஏயான் சென்டர். 1973இல் எழும்பியபோது ஸ்டாண்டர்ட் ஆயில் கட்டடம் என்றார்கள். அடிமுதல் உச்சிவரை இத்தாலியின் கராரா வெள்ளைச் சலவைக்கல், சுமார் 43,000 பலகைகள். எடையைக் குறைப்பதற்காகக் கல்லை ஒன்றேகால் அங்குலக் கனத்துக்கு மெலிதாக அறுத்திருந்தார்கள். கட்டிய புதிதிலேயே ஒரு பலகை கழன்று, பக்கத்துக் கட்டடத்தின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. 1980களில் ஆராய்ந்தபோது பலகைகள் வெளிப்பக்கமாகப் புடைத்து வளைந்திருந்தன. எஃகுப் பட்டை போட்டு இழுத்துப் பிடித்துப் பார்த்தார்கள். கடைசியில் 1990 முதல் 1992 வரை மொத்தச் சலவைக்கல்லையும் உரித்தெடுத்துவிட்டு, வட கரோலினாவின் மவுண்ட் ஏரி கிரானைட்டை இரண்டு அங்குலக் கனத்தில் மாட்டினார்கள். செலவு 8 கோடி டாலரைத் தாண்டியது.

பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் இதே கதைதான். மாபெரும் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்து 1971இல் திறக்கப்பட்ட ஃபின்லாந்தியா அரங்கத்துக்கும் கராரா கல்தான் போர்த்தியிருந்தார்கள். அங்கே பலகைகள் குழிவாக வளைந்து ஓரங்கள் வெளியே எழும்பின. 1990களின் கடைசியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஆல்ட்டோ தேர்ந்தெடுத்த கல்லை மாற்றக்கூடாது என்பதால் மறுபடியும் அதே கராரா. சில ஆண்டுகளில் அதுவும் வளைந்தது. அண்மையில் நடந்த பெரிய புதுப்பிப்பில்தான் இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியிலிருந்து வரும் லாசா சலவைக்கல்லுக்கு மாறி, 2025 ஜனவரியில் அரங்கத்தை மறுபடி திறந்தார்கள்.

கல் எப்படி வளையும் என்று கேட்கத் தோன்றும். கராரா போன்ற சலவைக்கல் பெரும்பாலும் கால்சைட் படிகங்களால் ஆனது. சூடேறும்போது இந்தப் படிகம் ஒரு திசையில் விரியும், அதற்குக் குறுக்குத் திசையில் சுருங்கும். பக்கத்துப் படிகங்கள் வெவ்வேறு பக்கம் திரும்பியிருப்பதால் ஒன்றையொன்று நெட்டித் தள்ளுகின்றன. நடுவே நுண்ணிய இடைவெளிகள் திறக்கின்றன. இரவில் குளிர்ந்தாலும் அவை முழுதாக மூடுவதில்லை. ஈரம் உள்ளே போகிறது, மறுநாள் வெயில் வருகிறது. தடித்த கல் இதைப் பல காலம் தாங்கும். மெலிந்த பலகைக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால்தான் மேற்குப் பார்த்த சுவருக்கு வெள்ளை மார்பிள் கேட்கும் வாசகர்களிடம், தயவுசெய்து கிரானைட் பக்கம் திரும்புங்கள் என்று எப்போதும் சொல்கிறேன். நல்ல கிரானைட்டுக்காக வெளிநாடு பார்க்க வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து உலகெங்கும் கல் போகிறது.

இனி லைட் வெயிட் பேனலுக்கு வருவோம். மெலிதாக அறுத்த கல்லைத் தனியாக விட்டதுதான் அந்தக் கட்டடங்களில் நடந்த தவறு என்று கொண்டால், மெலிந்த கல்லுக்கு முதுகில் ஒரு துணை கொடுத்தால் என்ன என்று யோசித்ததன் விளைவு இது. முகத்தில் 5, 6 மில்லிமீட்டர் நிஜக்கல். அதன் பின்னால் எபாக்ஸி பசையும் கண்ணாடி நார் விரிப்பும். அதற்கும் பின்னால் அலுமினியத் தகட்டாலான தேன்கூட்டு அடுக்கு, கடைசியாக இன்னொரு விரிப்பு. மொத்தக் கனம் ஒரு அங்குலத்துக்குள். தேன்கூட்டு அடுக்கு விமானக் கட்டுமானத்திலிருந்து வந்தது. எடை சேராமல் விறைப்பைக் கொடுப்பது அதன் குணம். செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. 6 மில்லிமீட்டர் கல்லைத் தனியாக அறுத்துக் கையாண்டால் உடைந்துவிடும். அதனால் கனமான பலகையின் இரண்டு முகத்திலும் முதலில் தேன்கூட்டு அடுக்கை ஒட்டிவிடுகிறார்கள். பிறகு கல்லின் நடுவயிற்றில் ரம்பத்தை ஓட்டினால், இரண்டு பேனல்கள் கிடைக்கும். ஒன்றின் ரேகை மற்றதில் இடவலம் மாறி அப்படியே இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து மாட்டி அழகு காட்டுகிறவர்களும் உண்டு.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 30 மில்லிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோ. இந்தப் பேனல் சுமார் ஒன்றரைக் கிலோ. ஆயிரம் சதுர அடி முகப்புக்கு ஏழரை டன் ஏற வேண்டிய இடத்தில் ஒன்றரை டன் ஏறுகிறது. பழைய வீட்டின் முகப்பை மாற்ற நினைப்பவர்களுக்கும், அஸ்திவாரத்தைக் கணக்காகப் போட்ட அடுக்குமாடிகளுக்கும் இது பெரிய நிம்மதி.

எனக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. எட்டடிக்கு நாலடிப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கிரானைட்டில் அது 230 கிலோவுக்கு மேல். அதை நான்காவது மாடிக்கு ஏற்றி, சாரத்தில் நின்றபடி கிளாம்ப்பில் பொருத்தும் தொழிலாளர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே அளவு லைட் வெயிட் பேனல் ஐம்பது கிலோவுக்குள்தான். இரண்டு பேர் பிடித்து நிறுத்திவிடலாம். விரல் நசுங்கும் விபத்துகளும் இடுப்புவலியும் குறைய இது ஒன்றே போதுமான காரணம் என்று நினைக்கிறேன். சாரத்தில் ஏறுகிறவர் உடல் முழுதும் பிடிக்கும் பாதுகாப்புப் பெல்ட் கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பது அப்போதும் வீட்டுக்காரர் பொறுப்புதான்.

ஆனால் இந்த எடைக் குறைவு ஒரு தவறான தைரியத்தையும் கூடவே கொண்டுவருகிறது. "லேசான பொருள்தானே சார், நாலு ஸ்க்ரூ போதும்" என்று சொல்லும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். பேனலைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கு மட்டும் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். காற்றுக்குப் போடுவதில்லை. காற்றழுத்தக் கணக்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி. அதன்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகம் தரும் அழுத்தம், மற்றத் திருத்தங்களுக்கு முன்பே, சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. காற்று சுவரில் மோதி அழுத்துவதோடு விடாது. பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் சுவரிலிருந்து வெளியே உறிஞ்சி இழுக்கும். கட்டட மூலைகளில் அந்த இழுப்பு இன்னும் கூடும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள சதுர அடியைப் பல மடங்கு பலத்தோடு காற்று பிய்க்கப் பார்க்கிறது. கல் லேசாக இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்த நாளை நேரில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆகவே பிடிமானம்தான் இந்த வேலையின் உயிர். சுவரில் படம் மாட்டுவதுபோலத்தான் முறை: பேனலின் முதுகில் தொழிற்சாலையிலேயே பதித்த இன்சர்ட்டுகளில் கொக்கிப் பட்டை முடுக்கப்பட்டிருக்கும், சுவரில் அலுமினிய ரெயில் ஓடும், ஒன்றை ஒன்றில் மேலிருந்து இறக்கிக் கோக்க வேண்டும். அந்த ரெயிலைத் தாங்கும் பிராக்கெட் எதில் கடிக்கிறது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். இன்று பல கட்டடங்களில் பில்லர்களுக்கு நடுவே ஏஏசி பிளாக்தான் சுவர். அந்த பிளாக்கில் நுரைபோல் காற்றுத் துளைகள். சாதாரண ஆங்கர் போல்ட்டை அதில் அடித்து முடுக்கினால் அன்று இறுகும், இழுப்பு வந்தால் பொடித்துக்கொண்டு வெளியே வரும். பிராக்கெட்டைக் கான்கிரீட் பீமிலும் பில்லரிலும் ஸ்லாப் விளிம்பிலும்தான் பிடிக்க வேண்டும். நடுவில் எட்டாத இடத்துக்கு ஒரு ஃபிரேம் கொடுக்கலாம். சில ஆங்கர்களை இழுத்துப் பார்க்கும் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். தயங்கும் கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெயிலுக்கும் இடம் விட வேண்டும். மூன்று மீட்டர் அலுமினிய ரெயில், 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். கிரானைட் அதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். ரெயிலை ஒரு புள்ளியில் மட்டும் இறுக்கி, மற்ற இடங்களில் நீள்துளையில் நகர விட்டால் சுவர் அமைதியாக இருக்கும். எல்லா இடத்திலும் இறுக்கிவிட்டால் அந்த 3 மில்லிமீட்டர் எங்காவது ஓர் இன்சர்ட்டைப் பதம் பார்க்கும். பேனல்களுக்கு நடுவே இடைவெளி தெரிவது அசிங்கம் என்று முட்டுக்கு முட்டு வைக்கச் சொல்லாதீர்கள்.

கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் போல்ட்டின் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். உப்புக்காற்றுக்கு 316 தரத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும். முலாம் பூசிய சாதா இரும்பை உள்ளே வைத்து மூடிவிட்டால், அது அரிப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் தின்னப்பட்டுவிடும். நடுவே ஒரு நைலான் வாஷர் போதும், சில ரூபாய்தான்.

கல்லுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு அங்குல அளவுக்கு ஒரு காற்றுவழி அமைகிறது. வெயிலைக் கல் வாங்கிக்கொள்ள, உள்ளே ஏறும் சூட்டைக் காற்று மேலே கொண்டுபோய் விடுவதால் நம் வெப்பத்துக்கு அது ஒரு வரம். மழைநீரும் அந்த வழியாகவே இறங்கிப் போகும். அதனால் கல் ஏறுவதற்கு முன்பே சுவருக்கு வாட்டர் புரூஃபிங் முடிந்திருக்க வேண்டும். அடியிலும் மேலேயும் வலை வைக்காவிட்டால் எலியும் குளவியும் குடியேறிவிடும்.

தீயைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியில் பற்றிய தீ 72 உயிர்களைப் பறித்தது. அங்கே வெளிச்சுவரில் இருந்தது பாலிஎத்திலீன் உள்ளடக்கிய அலுமினியத் தகடு, கல் பேனல் இல்லை. ஆனால் மாடி விட்டு மாடி தீ தாவிய பாதைகளில் ஒன்று, சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி. அப்படி ஒரு காற்றுவழி நம் கல் சுவரிலும் இருக்கிறது. கல்லும் அலுமினியத் தேன்கூடும் எளிதில் பற்றாது என்றாலும் எபாக்ஸி எரியக்கூடியது. முழுப் பேனலாகத் தீச்சோதனை செய்த சான்றிதழைக் கேளுங்கள். உயரமான கட்டடத்தில் மாடிக்கு மாடி காற்றுவழியைத் தடுக்கும் தீத்தடுப்பு இருக்கிறதா என்று உங்கள் என்ஜினீயரிடம் வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள்.

சிமென்ட் கலவையில் கல்லை நேரே ஒட்டும் பழைய முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காம்பவுண்டுச் சுவருக்கு அது போதும். ஆள் நடமாட்டத்துக்கு மேலே, மாடி உயரத்தில் வேண்டவே வேண்டாம். அங்கே கல்லைத் தாங்குவது பூச்சு, அந்தப் பூச்சுக்குப் பிடி கொடுப்பது வெறும் ஒட்டுதல். ராஜஸ்தான் ஸ்லேட்டிலிருந்து உரித்து எடுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளையும் கல்விரிப்பு வீட்டுக்குள் அழகாக இருக்கும். வெளியே அதன் ஆயுள் முழுதும் பசையின் ஆயுள்தான்.

வேலை நடக்கும் இடத்தில் கிரைண்டரால் உலர்வாகக் கல் அறுப்பதை அனுமதிக்காதீர்கள் என்பது உங்களிடம் நான் கைகூப்பிக் கேட்பது. கிரானைட்டில் குவார்ட்ஸ் இருக்கிறது. அறுக்கும்போது கிளம்பும் நுண்தூள் நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் நோயைத் தரும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த வழியில்லை. அளவெடுத்துத் தொழிற்சாலையில் வெட்டி வரவழைப்பது லைட் வெயிட் பேனலில் எளிது. அதற்கு ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தாலும் காத்திருங்கள். தவிர்க்கவே முடியாத சில வெட்டுகளைத் தண்ணீர் விட்டு, முகத்தில் சரியான மாஸ்க் போட்டுச் செய்யட்டும்.

பேனல்கள் ஏறி மூடும் முன், ஒவ்வொரு சுவரையும் ரெயிலோடும் பிராக்கெட்டோடும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து ஏசி மாட்டவோ பேனல் மாற்றவோ வருகிறவருக்கு அதுதான் வழிகாட்டி. அதே கல்லில், அதே தொகுப்பிலிருந்து நாலைந்து பேனல்களைக் கூடுதலாக வாங்கி மொட்டை மாடி அறையில் நிற்க வையுங்கள். பின்னால் தேடினால் அந்த நிறம் கிடைக்காது. படம் எடுத்தவர்கள் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உள்ளே என்ன போல்ட், எத்தனை அடிக்கு ஒரு பிராக்கெட், எந்த ஊர், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். அனுபவமுள்ள ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர்களிடம் அவற்றைக் காட்டி, அவர்கள் சொல்வதை வரும் இதழ்களில் படங்களோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்