ழகரத்தைக் கொன்றது யார்?

"வெளியூர்ப் பாடகர்கள் வந்துதான் தமிழைக் கெடுத்தார்கள்" என்று புலம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். 'உயர்ந்த மனிதன்' (1968) படப் பாட்டுக்குத் தேசிய விருது வாங்கிய பி. சுசீலா, '16 வயதினிலே' (1977) படப் பாட்டுக்கு வாங்கிய எஸ். ஜானகி, இருவருக்கும் தாய்மொழி தெலுங்கு. இன்றைய தெலுங்கில் ழகரமே கிடையாது! அவர்கள் வாயில் தமிழ் செத்தா போனது? வேலூரில் பிறந்த வாணி ஜெயராம் 1971-இல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் பாடியதை வடக்கே கொண்டாடவில்லையா?

ஆக, தாய்மொழி குற்றவாளி இல்லை.

இந்திக்காரர் ஒருவர் தமிழ்ப் பாட்டைத் தேவநாகரியில் எழுதிவைத்துப் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியில் ள, ழ இல்லை. எ, ஒ என்ற குறில்களும் இல்லை. அவர் தாளில் 'வலி'யும் 'வழி'யும் ஒன்றுதான். 'கொடு' என்பது 'கோடு' ஆகிவிடும். தாளில் இல்லாத ஒலியை வாயால் சொல்லிக்கொடுக்க வேண்டியது யார்? பாடலாசிரியருக்குத் தமிழ் தெரியுமே! ஒலிப்பதிவின்போது அவர் எங்கே போனார்? சுருதி கொஞ்சம் விலகினாலும் "இன்னொரு டேக்" கேட்கும் இசையமைப்பாளர், ழகரம் செத்தால் மட்டும் "ஓகே" சொல்வது என்ன நியாயம்?

பாடினவரைத் திட்டுவது சுலபம். ஓகே சொன்னவரைக் கேளுங்கள்.