‘சோடாதானே!’ என்னும் சோம்பலுக்கு எதிராக

கறுப்பு-வெள்ளைப் படச்சுருளுக்கான டெவலப்பரை வீட்டிலேயே கலந்துகொள்ளும் வழக்கம் மாணவரிடையே மீண்டும் தலைகாட்டுகிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அதனுடன் சேர்ந்து பரவும் இரண்டு அறிவுரைகளை மறுத்தே ஆக வேண்டும். ‘எந்தச் சோடாவாயினும் சரி, காரம்தானே’ என்பது ஒன்று. ‘குறிப்பில் உள்ள பொருள் கிடைக்கவில்லையெனில் கலக்காதீர்கள், வெளிநாட்டுப் பொட்டலத்தை வாங்குங்கள்’ என்பது மற்றொன்று. முன்னது தாராளமாகவும் பின்னது கண்டிப்பாகவும் தோன்றும். உண்மையில் இரண்டுமே, கலவைக்குள் ஒரு பொருள் என்ன பணி செய்கிறது என்று கேட்க மறுப்பவை.

மொழியியல் படித்தோர்க்கு இக்கேள்வி புதிதன்று. ஓர் ஒலியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துப் பார்க்கிறோம். பொருள் மாறாவிட்டால் அது மாற்றொலி. மாறினால் அது தனி ஒலியன். வேதிப்பொருள் மாற்றீட்டையும் இவ்வாறே அணுக வேண்டும். பெயர் ஒத்திருப்பதால் பணி ஒத்திருக்கும் என்று கொள்வது, எழுத்து ஒத்திருப்பதால் சொல் ஒன்றே என்று கொள்வதற்குச் சமம்.

டி-76 என்னும் புகழ்பெற்ற கலவையை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். வெள்ளி உப்பை வெள்ளியாக ஒடுக்குவது மெட்டால். தளர்ந்த மெட்டாலை மீட்டெடுப்பது ஹைட்ரோகுவினோன். காற்றிலிருந்து இரண்டையும் காப்பது சல்ஃபைட். மென்மையான காரநிலையைத் தருவது போராக்ஸ். அந்த 2 கிராம் போராக்ஸுக்குப் பதிலாகச் சலவை சோடாவை இட்டால் காரநிலை வெகுவாக உயரும். அதுவரை அடங்கியிருந்த ஹைட்ரோகுவினோன் தானே ஒடுக்கத் தொடங்கும். முரண் கடுக்கும், மூட்டம் படியும். ‘காரம்தானே’ என்றவர் அப்போது படச்சுருளின் தரத்தைக் குறை கூறுவார்.

எண்ணிக் கணக்கிட்டால் அஞ்சவேண்டாத மாற்றீடுகளும் உள. நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம் செய்யும் பணியை, ஒரு நீர்மூலக்கூறு கொண்டது 117 கிராமிலும், பத்து நீர்மூலக்கூறு கொண்ட படிகம் 270 கிராமிலும் செய்யும். இவை மாற்றொலிகள், எடை வேறு, பணி ஒன்று. சமையல் சோடாவை உலர்ந்த பாத்திரத்தில் எடை குறைவது நிற்கும்வரை சூடாக்கினால் 168 கிராமிலிருந்து 106 கிராம் நீரற்ற கார்பனேட் கிடைக்கும். ஆனால் சல்ஃபைட், சல்ஃபேட் என்னும் இணையில் வேறுபடுவது ஓர் உயிரொலிதான். சல்ஃபேட் டெவலப்பரைக் காக்காது.

‘தமிழில் வேதியியல் பேசுவதால்தான் இக்குழப்பம்’ என்பாரும் உளர். குழப்பம் ‘சோடா’வில் இருக்கிறது, அது தமிழ்ச் சொல் அன்று. சமையல் சோடா, சலவை சோடா, காஸ்டிக் சோடா மூன்றும் மூன்று பொருள்கள். கடைசியானது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மாறாக, போராக்ஸுக்கு நம்மிடம் வெங்காரம் என்னும் தெளிவான சொல் உண்டு. நான் இருக்கும் நாயுடுபேட்டையில் தெலுங்கில் அதுவே வெலிகாரம். ஆனால் சொல் சரியாக இருந்தாலும் கேள்வி முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது படிக வெங்காரமா, பொரித்த வெங்காரமா? பொரித்ததில் நீர் முழுதும் நீங்கியிருந்தால் ஏறத்தாழப் பாதி எடையே போதும். ‘காரம்’ என்று முடிவதாலேயே படிகாரத்தை அருகில் வைக்கவும் கூடாது. அதன் கரைசல் அமிலத்தன்மை உடையது.

பணியறிந்து செய்யும் பெரிய மாற்றீடுகளுக்கும் இதே விதிதான். மெட்டாலுக்குப் பதில் ஃபெனிடோன் இடலாம். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போதும். ஆனால் 0.2 கிராமைச் சமையலறைத் தராசு அறியாது. ஆகவே முன்கூட்டியே ஒரு கரைசலாக்கி அளக்க வேண்டும். ஹைட்ரோகுவினோனுக்குப் பதில் வைட்டமின் சி இடலாம். ஆனால் அது அமிலம், வெங்காரத்தின் காரநிலையைத் தின்றுவிடும். 176 கிராமுக்கு 84 கிராம் சமையல் சோடா சேர்த்து நடுநிலையாக்க வேண்டும். இரும்புக் கலப்புள்ள ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தால், நிறம் மாறி எச்சரிக்காமலேயே அது செயலிழக்கக்கூடும். 1995இல் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸும் மாணவர்களும் உருவாக்கிய காப்பி டெவலப்பரில்கூடப் பணி செய்வது காஃபீன் அன்று, காஃபிக் அமிலம். சிக்கரி கலந்த தூளை அதே அளவில் இட்டுவிட்டு முறையைப் பழிப்பது முறையன்று.

பொட்டலக் கட்சியினர்க்கும் ஒரு சொல். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்னும் பெயரில் படச்சுருள் தந்த காலம் முடிந்துவிட்டது. இன்று படச்சுருளுக்கே இறக்குமதியை நம்பியிருக்கும் மாணவரிடம் டெவலப்பரையும் இறக்குமதி செய்யச் சொல்வது, வசதியுள்ளோர்க்கு மட்டும் இக்கலையை ஒதுக்கிவைப்பதாகும். மெட்டால் 7.5 கிராம், சல்ஃபைட் 100 கிராம் என்னும் இரண்டே பொருள்களால் ஆன டி-23 இருக்க, பொட்டலம் இன்றிப் படம் இல்லை என்பது பொய்.

கள ஆய்வில் எடுத்த படச்சுருளுக்கு இரண்டாம் வாய்ப்பு இல்லை. இடிபடவிருந்த மண்டபமும், பேச்சு வழக்கைச் சொல்லித்தந்த முதியவரின் முகமும் மறுமுறை காத்திருக்கமாட்டா. எனவே மாற்றீட்டுக் குறிப்பு எழுதுவோரிடம் என் கோரிக்கை மூன்று: பொருளின் பெயரோடு நீரேற்ற நிலையை எழுதுங்கள், அது நீக்கப்பட்ட பொருளின் எந்தப் பணியை ஏற்கிறது என்று எழுதுங்கள், தேவையற்ற ஒரு துண்டுச் சுருளில் சோதித்தீர்களா என்று எழுதுங்கள். இம்மூன்றும் இல்லாத குறிப்பைப் பகிராதீர்கள். ஆய்வேட்டில் சான்றில்லாத வரியை ஏற்காத நாம், இருட்டறையில் மட்டும் ஏன் ஏற்கிறோம்?