ஆடு அப்படிச் சொல்லவில்லை



சென்ற மாதச் சுவரிதழில் 'செவலை பேசுகிறேன்' என்று நான் எழுதிய தன்வரலாறு வந்தது. நிறையப் பேர் படித்தீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதுவிட்டதாகச் சொன்னார்கள். பிரேயரில் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன், எல்லாரும் கை தட்டினீர்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த மாதம் அந்தக் கட்டுரையை எதிர்த்து நானே எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செவலை எங்கள் வீட்டுக் கிடா. தம்பிக்குக் காய்ச்சல் முற்றி டவுன் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது வாங்கிய கடனை அடைக்க அதைச் சந்தையில் விற்றோம். என் கட்டுரையில் செவலையே பேசும். "அந்தச் சின்னப் பையனுக்காக என் உயிர் போகுமென்றால் அதைவிடப் பெரிய பேறு எனக்கு ஏது? அழாதே தங்கையே, நான் சிரித்துக்கொண்டே போகிறேன்" என்று சொல்லிவிட்டு, தானாகவே சந்தைக்கு நடந்து போகும். எங்கப்பா கல்லைப் போல நின்றார் என்றும் எழுதியிருந்தேன்.

போன வாரம் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட எங்கப்பா பள்ளிக்கு வந்தார். சுவரிதழ் முன்னால் நின்று என் கட்டுரையைப் படித்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர், ரொம்ப நேரம் ஆனது. நான் பக்கத்தில் நிற்க முடியாமல் குடிநீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில், "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க. அகத்திக்கொத்து மட்டும் வரலியே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அகத்திக்கொத்து என்ன என்று பிறகு சொல்கிறேன். அந்த ஒரு வார்த்தையால் ஒரு வாரமாக நான் படித்த, கேட்ட கதைகளையெல்லாம் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கதையை யார் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

காக்கா வடை தூக்கிய கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது யார் பக்கத்துக் கதை? பாட்டியோடு தொடங்குகிறது. காக்கா வடையைத் தூக்கியதும் பாட்டியை விட்டுவிடுகிறது. நரி வந்து, வடை கீழே விழுந்ததும் காக்காவையும் விட்டுவிடுகிறது. அப்படியென்றால் அது வடைக்குப் பின்னாலேயே ஓடுகிற கதை! வடை யார் கையில் இருக்கிறதோ அவர்களோடுதான் கதை நிற்கும். பாட்டிக்கு அன்றைக்கு எவ்வளவு நட்டம் என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறோமா? காக்கா சொன்னால் அது ஏமாந்த கதை, நரி சொன்னால் சாமர்த்தியக் கதை. நடந்தது என்னவோ ஒன்றுதான்.

அடுத்து மனுநீதிச் சோழன். எங்கள் தமிழம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, இந்தக் கதை சிலப்பதிகாரத்திலும் வருகிறது, பெரியபுராணத்திலும் வருகிறது என்று சொன்னார்கள். சிலப்பதிகாரத்தில் இதைச் சொல்பவள் கண்ணகி. பாண்டியன் முன்னால் நின்று, தன் ஊரான புகார் எப்பேர்ப்பட்ட ஊர் என்று காட்டுவதற்காகச் சொல்கிறாள். பசுவின் கண்ணீர், மகனையே தேர்க்காலில் இட்ட மன்னன், அவ்வளவுதான், சில வரிகளில் முடிந்துவிடும். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும்போது ஊர் திருவாரூர். கதையும் நீளம். இளவரசன் மேல் தேரை ஓட்டச் சொன்ன அமைச்சர் மனம் வராமல் தன் உயிரை விட்டுவிடுகிறார், பிறகு மன்னனே ஓட்டுகிறான், கடைசியில் சிவபெருமான் அருளால் கன்று, இளவரசன், அமைச்சர் மூன்று பேருமே எழுந்துவிடுகிறார்கள். கண்ணகி சொல்லும் கதையில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்க வந்தது நீதி. இறைவன் அருளைச் சொல்ல வந்தவர் சேக்கிழார். அவரவருக்கு எது வேண்டுமோ அதுவரைக்கும் கதை போகிறது.

இரண்டிலுமே பசு என்ன நினைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கன்று செத்த மாட்டை நம் ஊரில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். கன்று கிடந்த இடத்தையே மோந்து பார்க்கும், ராத்திரியெல்லாம் கத்தும், மடி கனத்து நோகும். செத்த கன்றின் தோலில் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்தினால் அதை நக்கிக்கொண்டே பால் விடும். (எங்கள் பாட்டி வீட்டில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் பால் குடிக்கவில்லை.) அந்தப் பசுவிடம் போய், "உனக்காக இளவரசனைத் தேர் ஏற்றிவிட்டோம்" என்று சொன்னால் அதன் மடியில் கட்டிய பால் குறையுமா? பசு மணி அடித்தது, நாம் கைதட்டியது ராஜாவுக்கு. ராஜா செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அது ராஜாவின் கதை, பசுவின் கதை இன்னும் பாக்கி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் விலங்கையே பேசவிட்டால் சரியாகிவிடுமா? நானும் அதைத்தானே செய்தேன்! அதனால்தான் ஆங்கில டீச்சரிடம் போய்க் கேட்டேன். அவர்கள் 'பிளாக் பியூட்டி' என்ற கதையைச் சொல்லி, அதன் சுருக்கப் புத்தகத்தையும் தந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

இங்கிலாந்தில் 1877இல் வந்த கதை அது. எழுதியவர் அன்னா சீவெல் என்கிற அம்மா. அவருக்கு 14 வயது இருக்கும்போது (என் வயது!) பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் விழுந்து கணுக்காலில் அடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவரால் சரியாக நடக்க முடியவில்லை. எங்கே போவதானாலும் குதிரை வண்டிதான். அவர் எழுதிய நாவல் அது ஒன்றுதான். அது வெளிவந்த அடுத்த வருடமே, 1878இல், இறந்துவிட்டார். கதை முழுக்க ஒரு குதிரையே 'நான்' என்று சொல்கிறது.

அந்தக் காலத்தில் பணக்காரர்களின் வண்டிக் குதிரைகளுக்குத் தலையைத் தாழ்த்தவே முடியாதபடி ஒரு வாரை இழுத்துக் கட்டுவார்களாம். வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெருவில் நிற்பவருக்கும் அது கம்பீரம். குதிரை சொல்லும்போதுதான் மேட்டில் வண்டி இழுக்கையில் தலையைக் குனிந்து முட்டுக்கொடுக்க முடியவில்லை, கழுத்தும் முதுகும் நோகிறது, மூச்சு வாங்குகிறது என்று தெரிகிறது. தெருவிலிருந்து பார்க்கிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அந்த வலி அவர் கண்ணில் படாது. அது கழுத்துக்கு உள்ளே இருக்கிறது.

இன்னொன்று. அந்தக் குதிரைக்குப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது. குட்டியில் டார்க்கி, அப்புறம் பிளாக் பியூட்டி, ஒரு சீமான் வீட்டில் பிளாக் ஆஸ்டர், லண்டனில் வாடகை வண்டிக்காரரிடம் ஜாக். விற்கிற போதெல்லாம் பெயரும் போய்விடுகிறது. குதிரையைக் கேட்டு யாரும் வைப்பதில்லை. சந்தையில் செவலையை வாங்கியவர் அதை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று அந்தப் பக்கத்தைப் படிக்கும்போதுதான் முதல் முதலாக யோசித்தேன். அநேகமாக ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது ஜிஞ்சர் என்கிற பெண் குதிரையைப் பற்றிய இடம். ஒரே கொட்டடியில் கூட இருந்த குதிரை. பிற்பாடு அடிமாட்டு நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரு நாள் செத்த குதிரை ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு போவதைப் பிளாக் பியூட்டி பார்க்கிறது. நிறம் அதே போல இருக்கிறது, கழுத்தும் அதே போல இருக்கிறது. ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்கும்? அது ஜிஞ்சராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறது. அப்படி இருந்தால் நல்லது, பட்ட பாடு தீர்ந்தது என்றும் நினைக்கிறது. 'ஜிஞ்சர் இறந்துவிட்டது' என்று ஆசிரியர் மேலே நின்று எழுதியிருந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். குதிரைக்குத் தெரியாததை எனக்கும் தெரியாமல் வைத்ததால்தான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

அந்தப் புத்தகத்திலும் எனக்கு ஒரு குறை உண்டு. மனுஷங்க பேசுவது அத்தனையும் குதிரைக்குப் புரிகிறது. குடிக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்று நடக்கும் பேச்செல்லாம் குதிரை காதில் விழுந்து நமக்கு வருகிறது. அங்கெல்லாம் குதிரை ஒதுங்கிக்கொள்ள அன்னா சீவெல் வந்து பேசுவதாக எனக்குப்பட்டது. குதிரைக்குக் கடிவாளம் தெரியும், ஞாயிற்றுக்கிழமை தெரியுமா? "வேலை இல்லாத நாள் அதுக்குத் தெரியாம இருக்குமாடி" என்றாள் என் தோழி. அதுவும் சரிதான்.

இப்போது என் கட்டுரைக்கு வருகிறேன்.

செவலை எங்கப்பா பின்னால் போகாது. அவர் கயிற்றைப் பிடித்தால் நாலு காலையும் ஊன்றி நிற்கும். குட்டியிலிருந்து தழை போட்டு வளர்த்தது நான், அதனால் என் பின்னால்தான் வரும். சந்தை நாளன்று அப்பா என்னைத்தான் கூப்பிட்டார். நான் வாய்க்கால் கரையில் அகத்தி ஒடித்து, கொத்தை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்தேன். அது இலை இலையாகக் கடித்துக்கொண்டே சந்தை வரைக்கும் வந்தது. அது தானாகப் போகவில்லை. நான் கூட்டிக்கொண்டு போனேன்.

என் கட்டுரையில் இது இல்லை. 'நான்' என்று ஆட்டைப் பேசவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். ஆடே சிரித்துக்கொண்டே போகிறேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்னை யார் கேட்பார்கள்? அந்த வசனம் முழுக்க எனக்கு நான் சொல்லிக்கொண்ட ஆறுதல். ஆடு அப்படிச் சொல்லவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்பதோ, கடன் என்பதோ அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அகத்தி, கயிறு, என் கை. நிஜமாகவே ஆட்டின் கண்ணால் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

எங்கப்பா கல்லைப் போல நின்றார் என்று எழுதினேனே, அதுவும் பொய். விலை பேசி முடித்ததும் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சண்டையே நடந்தது. "ஆடு என்ன, பேனா பிடிச்சு எழுதவா போகுது? நாமதான எழுதணும்? அப்ப விலங்கு கதையே எழுதக் கூடாதா?" என்றார்கள். எழுதலாம். நாம்தான் எழுத வேண்டும். ஆனால் நம் பரீட்சைத் தன்வரலாறுகளைக் கொஞ்சம் பாருங்கள். பழைய குடை பேசினாலும், உழவு மாடு பேசினாலும், ஆலமரம் பேசினாலும் ஒரே குரல். எல்லாமே நம் தலைமையாசிரியர் குடியரசு தினத்தன்று பேசுவது போலவே பேசுகின்றன. (ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.) அந்தப் பிராணிக்கு எது தெரியுமோ அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்பதுதான் என் கருத்து. ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் நீளமாக இருக்கும். அதனால் தலையைத் திருப்பாமலே இரண்டு பக்கமும் அதற்குத் தெரியும் என்று அறிவியல் டீச்சர் சொன்னார்கள். நம்மைவிட அதிகம் பார்க்கிற பிராணிக்கு நாம் வசனம் எழுதிக் கொடுக்கிறோம்.

மறுபடியும் எழுதிப் பார்த்தேன். சின்னதுதான்.

'கயிற்றை அவிழ்த்தாள். தினமும் போகிற பக்கம் போகவில்லை. அகத்தி வாசம் வருகிறது. கை முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன். எட்டினால் ஒரு இலை. கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. நிறைய ஆட்டுப் புழுக்கை வாடை. யாரோ முதுகை அமுக்கினார்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார்கள். இரண்டு பேர் ஒரு துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். அப்புறம் வேறு ஒரு கை கயிற்றைப் பிடித்தது. அதில் அகத்தி வாசம் இல்லை. அவள் இருந்த பக்கம் பார்த்துக் கத்தினேன். அவள் கையில் பாதிக் கொத்து இன்னும் இருந்தது.'

சுவரிதழ்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். என் பழைய தாளை எடுத்துவிட வேண்டாம். 'கல்லைப் போல' என்ற வரியை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். இந்தத் தாளை அதற்குப் பக்கத்தில், எங்கப்பா நின்று படிக்கிற உயரத்தில் ஒட்டுங்கள். அடுத்த வாரம் படிவத்தைத் திரும்ப வாங்க வருவார்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி