கூட்டுத்தொகையில் ஒளிந்திருப்பவர்கள்

திட்டத்துக்கு முன் 40 சதவீதம். திட்டத்துக்குப் பின் 45 சதவீதம். இரண்டு தூண்கள் வரைந்து, இரண்டாவதைச் சற்று உயரமாக்கிப் பச்சை வர்ணம் அடித்துவிட்டால் அறிக்கை தயார். அமைச்சர் மேடையில் படிப்பார். பத்திரிகைகள் அச்சிடும். அடுத்த ஆண்டுக்கான நிதியும் வந்து சேரும். நம் நாட்டில் கணக்கெடுப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த 40 பேரும் இந்த 45 பேரும் யார் யார் என்று கேட்பவர்கள்தான் அபூர்வம். கேட்டால், பச்சைத் தூண் பல சமயம் ஆட்டம் காணும்.

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லை எடுத்துக்கொள்வோம். நெருக்கமான வீடுகள், குறுகலான சந்துகள். சுற்றிலும் காயலும் கடலுமாகத் தண்ணீர் இருந்தும், குடிக்கிற தண்ணீருக்குக் காலம் காலமாக அல்லாடும் மேற்குக் கொச்சியின் ஒரு பகுதி. 2023 ஜனவரி, பிப்ரவரியில் பாழூர் பம்ப் ஹவுஸின் மோட்டார்கள் பழுதானபோது மேற்குக் கொச்சிவாசிகள் வாரக்கணக்கில் குடங்களுடன் லாரிக்காகக் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் 'தண்ணீர் போதுமான அளவு வருகிறதா?' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், வெறும் புள்ளிவிவரம் அல்ல.

ஒரு கற்பனைக் கணக்கு. சுள்ளிக்கல்லில் 100 வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். 40 வீடுகள் 'ஆம்' என்கின்றன, 60 வீடுகள் 'இல்லை' என்கின்றன. பிறகு குழாயில் ஏதோ மாற்றம் செய்கிறார்கள். சில மாதங்கள் கழித்து அதே 100 வீடுகள், அதே கேள்வி. இப்போது 45 வீடுகள் 'ஆம்'. ஐந்து வீடுகளுக்கு நன்மை என்று எழுதிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு வீட்டின் பழைய பதிலையும் புதிய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு கதை வெளிப்படலாம். 'இல்லை' என்றிருந்த 60 வீடுகளில் 25 வீடுகள் 'ஆம்' என்று மாறியிருக்கின்றன. 'ஆம்' என்றிருந்த 40 வீடுகளில் 20 வீடுகள் 'இல்லை' என்று மாறியிருக்கின்றன. மிச்சமுள்ள 20 'ஆம்' பழைய 'ஆம்' தான். கூட்டிப் பாருங்கள், 45 வரும். ஆனால் நடந்தது ஐந்து வீடுகளுக்கு நன்மை அல்ல. ஒரு சந்தின் தண்ணீர் அடுத்த சந்துக்குப் போயிருக்கிறது. 45 வீடுகளின் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. அதில் 20 வீட்டுப் பெண்கள் இதுவரை இல்லாத வழக்கமாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்திருக்கிறார்கள். அறிக்கையின் பச்சைத் தூணில் அவர்களுக்கு இடமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணர் தேவையில்லை. ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும். 1979இல் விசிகால்க், 1983இல் லோட்டஸ் 1-2-3, 1985இல் எக்ஸெல் என்று வந்த இந்தக் கட்டம் போட்ட காகிதம், இன்று வார்டு அலுவலகத்திலிருந்து குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம் வரை எல்லோர் கையிலும் இருக்கிறது. முதல் பத்தியில் வீட்டு எண். இரண்டாவதில் பழைய பதில். மூன்றாவதில் புதிய பதில். நான்காவதில் இரண்டு பதில்களையும் ஒட்டவைக்கும் சூத்திரம். ஒவ்வொரு வரிசையிலும் 'இல்லை-ஆம்', 'ஆம்-இல்லை', 'ஆம்-ஆம்', 'இல்லை-இல்லை' என்று நான்கில் ஒன்று வந்து நிற்கும். கவுண்ட்இஃப் என்ற சூத்திரம் ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணிக் கொடுத்துவிடும். அரை மணி நேர வேலை.

சிரமம் எண்ணுவதில் இல்லை, ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது. முதல் கணக்கெடுப்பு ஒரு தாளில் இருக்கும், இரண்டாவது வேறொரு தாளில், வேறு வரிசையில் இருக்கும். பெயரை வைத்துச் சேர்க்கலாம் என்றால் மட்டாஞ்சேரிப் பக்கம் அது நடக்காது. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் என்று ஒரே தெருவில் பல பாஷை. பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள். ஒரே பெயரை ஒருவர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதுவார். மார்ச் மாதத்து ஆயிஷா ஜூலையில் ஆயிசா ஆகிவிடுவார். கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு பேர். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் இரண்டு பேர்தான். எனவே முதல் நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, இரண்டு முறையும் அதையே எழுதுவதுதான் உருப்படியான வழி.

எண் இருந்தால் வீலுக்அப் என்ற சூத்திரம் இரண்டாவது தாளுக்குப் போய் அந்த வீட்டின் பதிலைத் தேடி எடுத்து வரும். இங்கே இரண்டு குழிகள். சூத்திரத்தின் கடைசிப் பகுதியில் 'அச்சாக அதே எண்தான் வேண்டும்' என்று சொல்லாமல் விட்டால், அது கிட்டத்தட்டப் பொருந்துகிற எண்ணோடு திருப்தி அடைந்துவிடும். 57ஆம் எண் வீடு கிடைக்காவிட்டால் 56ஆம் வீட்டின் பதிலைக் கொண்டுவந்து வைக்கும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

இரண்டாவது குழி இதைவிட ஆழம். பதில் சொல்லாதவரின் கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தை வீலுக்அப் எடுத்து வரும்போது அது பூஜ்யமாகிவிடும். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்ன கணக்கெடுப்பில், முதலில் 4 போட்டவர் இரண்டாவது முறை வாயே திறக்கவில்லை என்றால், வித்தியாசம் மைனஸ் 4 என்று வந்து நிற்கும். மௌனம் கடும் அதிருப்தியாக மாறிவிடும். காலியாக இருந்தால் காலியாகவே விடு என்று இஃப் சூத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். பலர் சேர்ப்பதில்லை.

ஸ்ப்ரெட்ஷீட் கேட்டதைச் செய்யும், கேட்காததைச் சொல்லாது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை இதை உலகத்தின் முன்னிலையில் தெரிந்துகொண்டது. பழைய வகை எக்ஸெல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. அந்த எல்லையைத் தாண்டியதில் ஏறக்குறைய 16,000 கொரோனா நோயாளிகளின் விவரங்கள் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை தாமதமானது. தாள் மட்டும் வழக்கம்போல அமைதியாக இருந்தது.

இன்னொரு வகை மறைவு உண்டு. இதற்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது. நம் 100 வீடுகளுக்கே வருவோம். இரண்டாவது முறை போகும்போது 12 வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வாடகைக்கு இருந்தவர்கள், தண்ணீர்க் கஷ்டம் தாங்காமல் காலி செய்துவிட்டார்கள். 12 வீடுகளும் முதலில் 'இல்லை' என்று சொன்னவை. மீதி 88 வீடுகளில் ஒருவர் பதிலும் மாறவில்லை, அதே 40 வீடுகள்தான் 'ஆம்' என்கின்றன. இப்போது சதவீதம் போடுங்கள். முன்பு நூற்றுக்கு 40. இப்போது 88க்கு 40, அதாவது 45 சதவீதத்துக்கும் மேல். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமலே திட்டம் வெற்றி! அதிகம் கஷ்டப்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போனதுதான் அந்த வெற்றியின் ரகசியம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கேரள அரசின் அதிதீவிர வறுமை ஒழிப்புத் திட்டத்தைப் பாருங்கள். 2021இல் தொடங்கிய இந்தத் திட்டம் உணவு, ஆரோக்கியம், வருமானம், வீடு என்ற நான்கு அளவுகோல்களை வைத்து மாநிலம் முழுவதும் 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. 2025 நவம்பர் 1ஆம் தேதி, கேரளம் அதிதீவிர வறுமை இல்லாத மாநிலம் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். வறுமையிலிருந்து மீண்டதாகச் சொல்லப்பட்ட குடும்பங்கள் 59,277.

இடையிலிருந்த 4,729 குடும்பங்கள் என்ன ஆயின? அதற்கும் அரசு கணக்குச் சொன்னது. தனி ஆளாக இருந்த 4,421 பேர் இறந்துவிட்டார்கள். நாடோடிகளான 261 குடும்பங்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 47 பெயர்கள் இரண்டு முறை பதிவானவை. இப்படிக் கழித்துக் காட்டியதற்கு அரசைப் பாராட்டத்தான் வேண்டும். குடும்பம் குடும்பமாகப் பட்டியல் வைத்திருந்ததால்தான் இது சாத்தியமானது. மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடுகிறவர்களால் இறந்தவரையும் மீண்டவரையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் வறுமைப் பட்டியலில் இல்லாதவர்கள்தானே!

ஆனால் பட்டியல் வைத்திருப்பது முதல் படிதான். அறிவிப்பையொட்டிப் பொருளாதார அறிஞர்கள் சிலர் எந்த அளவுகோல், எந்த ஆதாரம் என்று பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார்கள். நியாயமான கேள்வி. ஒரு குடும்பத்துக்கு ரேஷன் கார்டு கொடுத்தோம், மருந்து கொடுத்தோம் என்பது அரசு செய்த வேலையின் கணக்கு. 2021இல் கேட்ட அதே நான்கு கேள்விகளுக்கு அதே குடும்பம் இன்று என்ன பதில் சொல்கிறது என்பதுதான் முன்-பின் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது நம் அலுவலகங்களின் பழைய பழக்கம்.

பதில் மாறியிருந்தாலும் இன்னொரு சந்தேகம் மிச்சமிருக்கும். மாறியது திட்டத்தாலா, தானாகவா? சுள்ளிக்கல்லில் முதல் கணக்கெடுப்பை மார்ச் வெயிலிலும் இரண்டாவதை ஜூலை மழையிலும் எடுத்தால், எந்தக் குழாயையும் தொடாமலே பதில்கள் மேம்படக்கூடும். பாராட்டு தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் போக வேண்டியது.

இதைச் சரியாகக் கையாண்ட ஓர் ஆய்வு நம் ஊரிலேயே நடந்தது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் படிப்பை ஆராய்ந்தார்கள். கொரோனாவுக்கு முன், 2019இல் சேகரித்த விவரங்கள் கையில் இருந்தன. பள்ளிகள் நீண்ட காலம் மூடிக்கிடந்த பிறகு, 2021 டிசம்பரில் மறுபடியும் சோதித்தார்கள். ஒரு குழந்தையின் 2019 மதிப்பெண்ணை அதன் 2021 மதிப்பெண்ணோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், வயது ஏறியதால் வந்த முன்னேற்றம் இழப்பை மறைத்திருக்கும். அவர்கள் 2021இல் ஒரு வயதில் இருந்த குழந்தைகளை, 2019இல் அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பெரிய பின்னடைவு தெரிந்தது. பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியானதும் தெரிந்தது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். முழுப் புகழும் திட்டத்துக்கே என்று சொல்லவில்லை. கால் பங்கு என்று சொன்னதால்தான் அதை நம்ப முடிகிறது.

மாற்றம் உண்மையானதா, தற்செயலா என்று பார்க்கவும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. குவின் மெக்நெமர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947இல் சொன்னது. பதிலை மாற்றாதவர்களை விட்டுவிடுங்கள். நன்மைக்கு மாறியவர்கள் 25, தீமைக்கு மாறியவர்கள் 20. வித்தியாசம் 5. அதன் வர்க்கம் 25. அதை மாறியவர்களின் மொத்தமான 45ஆல் வகுத்தால் 0.56 வரும். இது 3.84ஐத் தாண்டினால்தான் தற்செயல் அல்ல என்று ஓரளவு நம்பலாம். நம் பச்சைத் தூண் பக்கத்திலேயே போகவில்லை. தீமைக்கு மாறியவர்கள் 8 பேர் மட்டும் என்றிருந்தால் விடை 8.76. அப்போது தாராளமாக மாலை போடலாம்.

இந்தக் கணக்கையெல்லாம் குடிமக்கள் போட வேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வார்டில் அதிகாரி யாராவது 40 சதவீதம் 45 ஆகிவிட்டது என்று அறிக்கை நீட்டினால் மூன்று எண்களைக் கேளுங்கள். எத்தனை வீடுகளுக்கு நல்லது நடந்தது? எத்தனை வீடுகளுக்குக் கெட்டது நடந்தது? எத்தனை வீடுகளில் இரண்டாவது முறை ஆளே இல்லை? மூன்றாவது எண்ணை அவர் தேட ஆரம்பித்தால், அந்தப் பூட்டிய வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள்.