பாத்திரம் பேசினால் ஆசிரியர் குற்றவாளியா?

சிறுகதை ஒன்றில் கொடியவன் ஒருவன் தன் கொடுமையைப் பெருமையாகப் பேசுகிறான். உடனே, "பாருங்கள், இந்த எழுத்தாளர் கொடுமைக்குக் கொடி பிடிக்கிறார்!" என்று குற்றப்பத்திரிகை தயாராகிவிடுகிறது. மற்றொரு கதையில் அநீதி தண்டனையின்றித் தப்பிவிடுகிறது. "ஆசிரியர் ஏன் ஒரு வார்த்தையேனும் கண்டிக்கவில்லை?" என்று கேள்வி எழுகிறது. இத்தகைய தீர்ப்புகளை வழங்குவோர் நம்மிடையே பெருகிவிட்டனர். அவர்கள் கதையைப் படிக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. கதையைச் சொல்பவர் யார் என்று கேட்காமலே படிக்கிறார்கள் என்பதுதான் நம் வழக்கு.

ஒன்றைச் சொல்லி அதற்கு மாறானதை உணர்த்தும் கலை, மேனாட்டிலிருந்து கப்பலேறி வந்த சரக்கன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை நினைத்துப் பாருங்கள். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று, காவல் மிக்க மனையில் பத்திரமாக இருக்கும் தொண்டைமானின் படைக்கலங்களைப் பற்றி அவர் பேசுகிறார். தம் தலைவனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்பவர், ஔவையார் பகைவனைப் புகழ்ந்து, சோறிட்ட மன்னனை இகழ்ந்தார் என்றன்றோ முடிவு கட்டுவார்! போர்க்களம் காணாத ஆயுதம்தான் பளபளக்கும் என்பதைக் கேட்டவன் தானே உணரட்டும் என்று புலவர் விட்டுவிட்டார். வஞ்சப்புகழ்ச்சி என்று இதற்குப் பெயர் சூட்டிப் பள்ளியில் பாடம் சொல்கிறோம். அதே கலை உரைநடைக் கதையில் வந்தால் மட்டும் ஏன் அடையாளம் தெரியாமல் போகிறது?

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886 இல் எழுதிய 'வான்கா' என்னும் கதையைப் பாருங்கள். செருப்புத் தைப்பவரிடம் தொழில் பழக விடப்பட்ட ஒன்பது வயது அநாதைச் சிறுவன், தான் படும் அடியையும் பட்டினியையும் எழுதி, தன்னை வந்து அழைத்துச் செல்லுமாறு தாத்தாவுக்கு மன்றாடுகிறான். உறையின்மேல் தாத்தா கிராமத்தில் இருப்பதாக எழுதி, யோசித்து அவர் பெயரையும் சேர்க்கிறான். ஊரின் பெயரை எழுதவில்லை. கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நம்பிக்கையோடு உறங்குகிறான். அது போய்ச் சேராது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் கதை இருக்கிறது. "ஐயோ பாவம்" என்று ஆசிரியர் அங்கே எழுதியிருந்தால், நாம் விட வேண்டிய கண்ணீரை அவரே விட்டு முடித்திருப்பார்.

இதைவிடக் கடுமையான சான்று சஆதத் ஹசன் மண்ட்டோ. பிரிவினைக் கலவரங்களைப் பற்றி அவர் எழுதிய துணுக்குக் கதைகள் 1948 இல் 'சியா ஹாஷியே' என்ற நூலாக வந்தன. அதில் 'கராமத்' என்று ஒரு கதை. கொள்ளைப் பொருளைத் தேடிப் போலீஸ் சோதனை நடத்துகிறது. ஒருவன் தான் கொள்ளையடித்த இரண்டு சர்க்கரை மூட்டைகளை இரவில் கிணற்றில் போடச் சென்று, இரண்டாம் மூட்டையோடு தானும் விழுந்து, மீட்கப்பட்டும் இறந்துபோகிறான். மறுநாள் கிணற்று நீர் இனிக்கிறது. அன்றிரவு அவன் கப்றில் விளக்குகள் எரிகின்றன. கதை அவ்வளவுதான்.

அவசரக்காரர், மண்ட்டோ கராமத்துகளைக் கேலி செய்கிறார் என்பார். அவரினும் அவசரக்காரர், கொள்ளையனை அவர் வலியாக்கிவிட்டார் என்பார். கேலிக்கு உள்ளானது கராமத்துமன்று, வலிமாருமல்லர். சர்க்கரை எப்படி வந்தது என்று கேட்க மறந்த ஊர்தான். கதைசொல்லி ஊராரின் கண்ணால் மட்டுமே பார்க்கிறார். மூட்டையைக் கண்ட நாமோ உண்மை அறிந்தவர்கள். இந்த மௌனத்தை இரக்கமின்மை என்று அக்காலத்து முற்போக்கு விமர்சகர்களே சாடினார்கள். ஆபாசக் குற்றச்சாட்டில் பிரிவினைக்கு முன் மூன்று முறையும், பின்னர் பாகிஸ்தானில் மூன்று முறையும் அவர் மீது வழக்குகள் தொடரப்பட்டன. நோயைக் காட்டியவனை நோயாளியாக்கிய கதை அது.

"குடும்பத்தில் சிறுவர்களும் படிக்கிறார்களே, அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டால்?" என்று கேட்கப்படுகிறது. நியாயமான கவலைதான். ஆனால் முல்லா நஸ்ருத்தீன் கதையைக் கேட்ட எந்தக் குழந்தை, முல்லா செய்ததையே செய்யக் கிளம்பியது? யார் சொல்கிறார், எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைக் குழந்தை அறியும். பெரியவர்களாகிய நாம்தான் மறந்துவிடுகிறோம். கதையின் வாலில் நீதியைக் கட்டித் தொங்கவிட்டே பழக்கினால், நீதி எழுதப்படாத இடத்தில் நீதியைக் காணும் கண் பிள்ளைகளுக்கு எப்படி வரும்? வாழ்க்கை எந்த அநீதியின் கீழும் 'இது அநீதி' என்று எழுதி வைப்பதில்லையே!

எழுதியதெல்லாம் முரண்நகை என்று சொல்லி எவரும் தப்பிவிடலாம் என்பதன்று நம் வாதம். மூன்று கேள்விகள் போதும். சொல்பவர் யார்? அவருக்குத் தெரிந்தது எவ்வளவு? அவர் சொல்வதற்கும் கதை காட்டுவதற்கும் இடையே விரிசல் உண்டா? விரிசல் இருந்தால் அங்கேதான் ஆசிரியர் நிற்கிறார். அது கதையிலேயே இல்லை என்றால், இகழ்ச்சி வெறும் இகழ்ச்சிதான். "நான் அங்கதமாக எழுதினேன்" என்று பின்னர் சொல்லும் சமாதானம் செல்லாது. அப்போது தாராளமாகக் கண்டியுங்கள்.

ஆனால் விசாரித்த பின் கண்டியுங்கள். சாட்சி யார் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் காஜியை நாம் ஏற்போமா? கதைக்கும் அந்த நீதியை வழங்குவோம்.